முதலாளியின் ரெகுலேட்டர்

"எல்லா லைட்டும் எரியணும். ரெகுலேட்டரைத் திருகினா முள்ளு ஏறணும். ஆனா ஒரு ஒயர்கூட மெஷினுக்குப் போகக் கூடாது. செய்ய முடியுமாக்கா?"

மேனேஜர் ரகசியக் குரலில் கேட்டார். ஆலைகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் கேட்டபடி ஒயரிங் செய்து கொடுப்பவர் பேனலக்கா. அந்தப் பேர்தான் எல்லோருக்கும் தெரியும். கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"யாருக்கு சார்?"

"எங்க முதலாளிக்குத்தான். கம்பெனிக்குள்ள கால் வச்சதும் நேரா பாட்டில் நிரப்பற மெஷின்கிட்ட போயிடறார். ரெகுலேட்டரைப் பிடிச்சு ஒரே திருகு! பாட்டிலெல்லாம் தடதடன்னு சாயுது. போன வாரம் மட்டும் மூணு தடவை ஜூஸ்ல நீந்தினோம். இன்னொரு தடவை லோடு லேட்டாச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"அவர் திருகினதுக்கு உங்களையா?"

"பின்னே, அவரை அவரே அனுப்பிக்குவாரா? இருக்கிற ரெகுலேட்டரைக் கழற்றிட்டு இதை மாட்டிடுங்க. வேகத்தை நான் என் ரூம்லேர்ந்து பாத்துக்கறேன்."

பேனலக்கா தாடையைச் சொறிந்தார்.

"முள்ளு மட்டும் ஏறினா நம்ப மாட்டார் சார். சத்தமும் ஏறணும். பெட்டிக்குள்ள ஒரு ஸ்பீக்கர் வச்சுடறேன். திருகத் திருக மோட்டார் உறுமற மாதிரியே கேட்கும்."

"அக்கா! நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவங்க!"

நாலாம் நாள் பெட்டி மெஷினுக்குப் பக்கத்தில் ஆறு விளக்குகளோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. முதலாளி வந்தார். ஆசை தீரத் திருகினார். முள் ஏறியது. பெட்டி உறுமியது. பாட்டில்கள் மட்டும் எப்போதும்போல ஒன்றன்பின் ஒன்றாக, ஆடாமல் அசையாமல் நகர்ந்தன.

"பாத்தியாய்யா வேகத்தை! இப்பதான் மெஷின் நான் சொன்ன பேச்சைக் கேக்குது!" என்றார் முதலாளி.

மேனேஜருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதலாளியின் கார் கிளம்பியதும் பேனலக்காவை மாடியிலிருந்த தன் அறைக்கு அழைத்துப் போனார். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு பெட்டி இருந்தது.

"இதாங்க்கா நிஜம். மொத்தக் குடுமியும் என் கையிலதான்" என்று சொல்லி, ஒரு புள்ளி கூட்டி வைத்தார். ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். "பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு!"

"ஆமாம் சார், பறக்குது" என்றார் பேனலக்கா.

படியிறங்கி வந்தவரை சூப்பர்வைசர் ஓரமாக நிறுத்தினார்.

"மேனேஜர் ரூமுக்குன்னு போன வருஷம் நான் சொல்லி நீங்க செஞ்ச டம்மிப் பெட்டி... அவருக்குச் சந்தேகம் ஒண்ணும் வரலியே?"

"துளிக்கூட இல்லை."

"அப்ப நிஜமான ரெகுலேட்டர் இந்த கம்பெனியிலயே என்கிட்ட மட்டும்தான்!" சூப்பர்வைசர் தன் மேசைமேல் இருந்த பெட்டியைப் பெருமையாகத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பெட்டியையும் டம்மியாகச் செய்யச் சொன்னவள், பக்கத்தில் நின்ற மெஷின் ஓட்டும் பெண், பேனலக்காவின் முகத்தைப் பார்க்காமல் சட்டென்று குனிந்து, கீழே விழாத ஒரு பாட்டிலை மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.