ரெண்டாவது சீசன் சரியில்ல

சத்தியமா சொல்றேங்க, இதுல ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. பொய்யா இருந்தா என் கிட்னி போகட்டும்னு சத்தியம் பண்ணலாம்னு பாத்தேன். அது போயி மூணு வருஷம் ஆச்சு.

அதனால வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி. ரத்தத்தை வெளிய எடுத்து, துவைச்சு, திரும்ப உள்ள விடற மிஷின். நாலு மிஷின், நாலு கட்டில், ஆளுக்கு நாலு மணி நேரம். கையில ஊசி குத்தி வெச்சிருப்பாங்க, எழுந்து ஓடவும் முடியாது. செவுத்துல ஒரு டிவி. அதுதான் எங்களுக்குப் போக்கிடம்.

டிவியில ஜப்பான்காரன் தொடர் ஓடுது, தமிழ்ல பேசுது. ஆளில்லாத ஊர்ல கொஞ்சம் பேர் சிக்கிக்கிட்டாங்க. தினம் ஒரு விளையாட்டு. ஜெயிச்சா உசுரு மிஞ்சும், தோத்தா ஆள் காலி. முதல் சீசன் முடிஞ்சு ரெண்டாவது நடக்குது. அதை வெச்சு எங்க வார்டுல ரெண்டு கட்சி.

முதல் கட்டில் டீச்சரம்மா. வேலையிலிருந்து ரிட்டையர் ஆயிட்டாங்க, அதட்டல் இன்னும் ஆகல. ரெண்டாவது நான். மூணாவது மொளகா. தையல் கம்பெனியில வேலை பாக்கற பொண்ணு, வாய்க்காக நான் வெச்ச பேரு. நாலாவது லாரிக்காரர். அதிகம் பேசாத மனுஷன். அன்னிக்கு அவரை இன்னும் மிஷின்ல மாட்டல. காலெல்லாம் வீங்கி, ஓரமா நாற்காலியில உக்காந்திருந்தார்.

"முதல் சீசன்ல வெறும் ஓட்டமும் ரத்தமும். இதுலதான்டி மனுஷங்களைக் காட்டறான்," டீச்சரம்மா ஆரம்பிச்சாங்க.

"மனுஷங்களையா? வயித்துல குண்டு வாங்கினவன் பத்து நிமிஷம் பழைய கதை பேசறான் டீச்சர். எனக்கு ரெண்டு படி ஏறினா என் பேரே வாயில வராது," ன்னா மொளகா.

"விளையாட்டெல்லாம் எப்படி யோசிச்சிருக்கான் பாரு!"

"விளையாட்டு சூப்பர், இல்லைன்னு சொல்லல. அந்தக் காலி ரோடு, புல்லு மொளச்ச ஸ்டேஷன், அதெல்லாம் கண்ணுலயே நிக்குது. ஆனா ஹீரோவை ஏழு தடவை சுட்டாச்சு. இன்னும் ஓடறான். எந்த டாக்டர்கிட்ட காட்டறான்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் போறேன்."

நான் சிரிச்ச சிரிப்புல என் மிஷினே கத்துச்சு.

அப்பதான் அந்த சீன் வந்துச்சு. கண்ணாடி ரூம், உள்ள விஷப்புகை. அஞ்சு பேர், நாலு முகமூடி. ஒரு பெரியவர் தன்னோடதைக் கழட்டி, பேர் கூடத் தெரியாத பொண்ணுக்கு மாட்டி விடறார். டீச்சரம்மா தாரை தாரையா அழறாங்க. எனக்கும் மூக்கு ஒழுகுச்சு.

"பொய்," ன்னா மொளகா. "முதல் சீசன்ல அவனவன் தன் உசுருக்கு ஓடினான். அது நிஜம். இதுல சும்மா அளக்கறான். யாரும் கழட்டிக் குடுக்க மாட்டாங்க."

"உனக்கென்ன நெஞ்சுல கல்லா?"

"கல்லு கிட்னியில இருந்துச்சு டீச்சர்."

"இவகிட்ட போய் மனசைத் தேடறீங்களே, ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது," ன்னு நானும் என் பங்குக்கு எடுத்து விட்டேன்.

அந்த நேரம் பாத்து நாலாவது மிஷின் படுத்துடுச்சு. சிஸ்டர் தட்டினாங்க, அணைச்சுப் போட்டாங்க, ம்ஹூம். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். அடுத்த ஷிப்ட்லயும் இடமில்ல. லாரிக்காரருக்கு அதுக்குள்ள மூச்சு வாங்குது.

சிஸ்டர் நடுவுல வந்து நின்னாங்க. "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். யாராவது ஒருத்தர் ரெண்டு மணி நேரத்தோட எறங்கினா, மீதி ரெண்டு மணி இவருக்கு ஓட்டிடலாம். எறங்கறவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், அவ்வளவுதான்."

கொஞ்சம்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். படுத்தா மூச்சு முட்டும். விடிய விடிய உக்காந்திருக்கணும்.

"டீச்சர்?"

"தள்ளி நில்லும்மா, மறைக்குது. இந்த சீன் போனா வராது."

சிஸ்டர் என் பக்கம் திரும்பறதுக்குள்ள நான் தூங்கிட்டேன். குறட்டையோட.

"எழுப்பாதீங்க சிஸ்டர்," லாரிக்காரர் மூச்சுக்கு நடுவுல சொன்னார். "தூங்கட்டும், பாவம்."

மூணாவது கட்டில்லேர்ந்து மொளகா குரல் குடுத்தா.

"சிஸ்டர், ரெண்டு மணி நேரத்துக்கு மேல இந்தக் கண்றாவியை என்னால பாக்க முடியாது. கழட்டி விட்டுடுங்க. யாருக்குப் பொறுமை இருக்கோ அவங்க வந்து படுத்துப் பாக்கட்டும்."

சொன்ன மாதிரியே ரெண்டு மணி நேரத்துல எறங்கிட்டா. பையைத் தூக்கிக்கிட்டு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா.

"நல்ல கட்டம் வரும்போது எழுந்து போறா பாருங்க. ரசனை கெட்ட ஜென்மம்," ன்னாங்க டீச்சரம்மா, கண்ணைத் தொடைச்சுக்கிட்டே.

நான் ஒரு கண்ணைத் தெறந்து, "ஆமா டீச்சர்" ன்னேன்.

லாரிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்ததும் மறுபடி மூடிக்கிட்டேன். மொளகா கட்டிலுக்குப் போற வழியில ஒரு நிமிஷம் நின்னார். என் காலுகிட்ட நழுவிக் கெடந்த போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்து விட்டுட்டுப் போனார்.

அவர் அப்படித்தாங்க. சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்கும்போதும் அதையேதான் செய்வார். எங்கப்பா சொத்துன்னு விட்டுட்டுப் போனது இந்த வியாதி ஒண்ணுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சமமா வந்துச்சு.

சரி, சிரிச்சீங்கல்ல, கூலியை எடுங்க. காசெல்லாம் வேணாம். எங்களுக்குத் தண்ணி அளந்துதான், நாக்கு வறண்டு கெடக்கு. ஆளுக்கொரு ஐஸ் கட்டி, சிஸ்டர் பாக்காம. எங்கண்ணனுக்கும் ஒண்ணு தரணும்னு தோணினா நேரா அவர் கையில குடுங்க. என்கிட்ட குடுத்தா போய்ச் சேராது.