ரிப்பன் வெட்டிய கை

"ஏம்மா, படத்துல ஒரு ஆளை அழிக்கதுக்கு ஒரு வாரமா?"

வேதமுத்து அண்ணாச்சியின் குரல் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது.

"பைய பேசுங்க அண்ணாச்சி. கை சரியா உக்கார மாட்டேங்கு" என்றாள் எப்சி.

"உனக்கு வராதுன்னா வராதுன்னு சொல்லு. நான் வேற எடம் பாக்கேன்."

"இன்னும் ஒரே ஒரு நாள் பொறுங்க."

எப்சி வீட்டில் இருந்தபடியே டிசைன் செய்து கொடுக்கிறவள். பல வருஷமாகக் கல்யாணக் கார்டு மட்டும்தான். இந்த வருஷம்தான் துணிந்து கடை லோகோ, பேக்கரி டப்பா, செல்போனில் அனுப்புகிற அழைப்பிதழ் வீடியோ, போட்டோ வேலை என்று வாசல் போர்டை நீட்டினாள். தச்சநல்லூரில் பாதிப் பேர் "அகலக்கால் வைக்கா" என்றார்கள். மீதிப் பேர் வேலை கொடுத்தார்கள்.

கொடுத்தவர்கள் யாரும் ஏமாறவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவை இழந்த ஒரு பெண் வந்தாள். அவளுடைய கல்யாணப் படத்தில் அந்த அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டாள் எப்சி. வந்தவளுக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்தப் பெண் டீயைக் குடிக்காமலே அழுதுகொண்டு போனாள்.

வேதமுத்து விஷயத்தில்தான் சறுக்கல்.

பேட்டையில் அவருக்கு லேத் பட்டறை. அவரும் தம்பி ஞானதுரையும் சேர்ந்து ஆரம்பித்தது. புது மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு தடித்து, தம்பி பிரிந்து போய் நேர் எதிரிலேயே ஒரு பட்டறை போட்டுவிட்டார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பட்டறை திறந்த அன்று ரிப்பன் வெட்டும்போது எடுத்த படத்தைப் புத்தாண்டு காலண்டரில் போட வேண்டும், ஆனால் தம்பி அதில் இருக்கக் கூடாது என்று வந்து நின்றார்.

"பேட்டை பூரா கடைக்குக் கடை தொங்கணும். அவன் பாத்து வயிறெரியணும்."

இன்றைக்குச் சத்தம் போட்டுவிட்டு அவர் போனதும் கணவன் ஜெனிஷ் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் காலண்டர் அச்சாச்சுன்னா அண்ணனும் தம்பியும் ஜென்மத்துக்கும் சேர மாட்டாவ. ஆனா அது நம்ம பாடு இல்ல. வாங்குன வேலைய முடிச்சிக் குடு. கார்டு மட்டும் போட்டப்ப ஒருத்தனாவது வாசல்ல நின்னு சத்தம் போட்டானா?"

"வரலியே, என்ன செய்ய?" என்றாள் எப்சி.

மறுநாள் வேதமுத்து வந்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி."

படத்திலிருந்து ஞானதுரை மறைந்தார். கூடவே கத்தரிக்கோலும் போய்விட்டது. ரிப்பனுக்கு முன்னால் வேதமுத்து மட்டும், பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கத்தரிக்கோல் எங்கம்மா?"

"அது உங்க தம்பி கையில இருந்துச்சு. நீங்க அவுக கை மேல கைய வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

"என்ன பேசுதே? ரிப்பன் வெட்டுனது நான்லா!"

எப்சி பழைய படத்தைப் பெரிதாக்கினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒரு கட்டு.



"முந்தின நாள் மெஷின்ல விரலைக் குடுத்துட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கத்தரிய பிடிக்க முடியல. 'நீங்க சும்மா என் கை மேல வையுங்கண்ணே, நான் வெட்டுதேன். படத்துல நீங்க வெட்டுன மாதிரிதான் தெரியும்'னான். பாவிப் பய..."

அப்புறம், கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"வேற கத்தரி ஒண்ணு வச்சு ஒட்ட முடியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் அண்ணாச்சி."

அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"போச்சு" என்றான் ஜெனிஷ். "தெரியாதுன்னு உன் வாயாலயே சொல்லிட்டே. இனி எவன் போட்டோ வேலை தருவான்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வேதமுத்து கேக் டப்பாவுடன் வந்தார். பின்னாலேயே பைக்கை நிறுத்திவிட்டு வந்தவர், சாட்சாத் ஞானதுரை.

"படம் இருக்கபடியே இருக்கட்டும்மா. கீழ ரெண்டு பட்டறை பேரையும் போட்டுரு."

"ரெண்டும் ஒண்ணாயிட்டா அண்ணாச்சி?"

"பட்டறை தனித்தனியாவே இருக்கட்டும். காலண்டர் ஒண்ணா இருக்கட்டும்" என்றார் தம்பி.

கிளம்பும்போது வேதமுத்து ஒரு நிமிஷம் நின்றார்.

"தப்பா எடுத்துக்காத தாயி. கார்டு, டப்பா எல்லாம் அருமையா பண்ணுதே. இந்த போட்டோ வேலை மட்டும் உனக்கு வரல. விட்டுரு."

"சரி அண்ணாச்சி" என்று சிரித்தாள் எப்சி.

ஜெனிஷுக்கு முகம் சுருங்கிப்போனது. காலண்டர் படத்தையாவது காலாகாலத்தில் பிரஸ்ஸுக்கு அனுப்புவோம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். வேதமுத்து பெயரில் இன்னொரு படமும் இருந்தது. திறந்து பார்த்தான்.

வேதமுத்து தனியாக நின்று, கையில் கத்தரிக்கோலோடு, கம்பீரமாக ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார். விரலில் கட்டு இல்லை. தம்பி என்று ஒருத்தர் பிறந்ததற்கே அடையாளம் இல்லை. ஒட்டிய இடம் எங்கே என்று ஜெனிஷ் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்சி! இதை எப்ப செஞ்சே?"

"அண்ணாச்சி மொத மொத வந்துட்டுப் போனாருல்லா, அன்னைக்குச் சாயங்காலம்."

"இவ்வளவு நல்லா வந்திருக்கே! ஊரு பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டே... இதை ஏன்ட்டி அவர்ட்ட காட்டல?"

எப்சி கேக்கில் அவனுக்கு ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்.

"நல்லா வந்துட்டுல்லா... அதான் காட்டல."