எதிர் மேசை

அலுவலகத்தில் மேசைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் தண்ணீர் பாட்டிலை அணைத்தபடி ஓரமாக நின்றாள்.

எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சுதான் ஓடுகிறது, வேலை ஓடவில்லை. சென்னையிலிருந்து வந்த குழு கண்டு சொன்னது அது. இனி எல்லா மேசையும் அதிகாரியைப் பார்த்து. வகுப்பறை மாதிரி.

இத்தனை காலமும் அவளுக்கு எதிர் மேசை ஜெபமணி.

என்ன நாட்கள் அவை! ஜெபமணியின் பிள்ளைக்குக் காய்ச்சலா, மாமியாரோடு சண்டையா, மீன் குழம்பு ருசித்ததா, எல்லாம் அந்த முகத்தில் எழுதியிருக்கும்.

பிறகு அந்த முகத்தைப் பார்த்திருந்த அவளுக்குக் காது மெல்ல மெல்ல அடைத்துப்போனது. அதிகாரி அவளைக் கூப்பிட்டால் ஜெபமணியின் புருவம் ஏறும். அவர் சொன்னதைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிவிடுவாள்.

மூன்றாம் பேருக்குத் தெரியாது.

தெரிந்தால் கீழே பழைய கோப்பு அறைதான். முகம் பார்க்க அங்கே ஓர் ஆள் கிடையாது.

இப்போது அவளுக்கு முன்னால் ஜெபமணியின் பின்னந்தலை.

இவ்வளவு நரைத்துவிட்டாளா?

அதிகாரி கூப்பிட்டிருக்க வேண்டும். ஜெபமணி சட்டென்று திரும்பினாள். புருவம் ஏறியது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி திரும்பினாள்.

அன்று முழுக்கத் திரும்பிக்கொண்டே இருந்தாள். குழுக்காரர் முகம் சுளித்தார்.

கடைசியில் அதிகாரி மேசையைத் தட்டினார். அப்புறம் நடந்த பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

“என்ன ஜெபமணி, கழுத்து சுளுக்கிக்கப் போவுது.”

“வாய் சும்மா கெடக்க மாட்டேங்கு சார். பொறந்ததுலேர்ந்தே இப்பிடித்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்போ நாற்காலியத் தூக்கிட்டு வாங்க. என் பக்கத்துல, எல்லாரையும் பாத்து உக்காருங்க. அதான் தண்டனை.”

ஜெபமணி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

முகம் திரும்ப வந்தது.

குழுக்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

அதிகாரி எதையோ தேடுவது போலக் குனிந்தார். பிறகு கூப்பிட்டார்.

புருவம் ஏறியது. அவள் நிமிர்ந்தாள்.

ஜெபமணியின் உதடு அசையவில்லை. அவரே சொன்னார். அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை நன்றாகத் திறந்து.

“அந்த... பச்சை... ஃபைல்... எடுத்துட்டு... வாங்க.”

அவள் எழுந்தாள்.

பச்சை ஃபைல் அவர் கைக்கு அடியில்தான் இருந்தது.