நான்கு மரக்கட்டைகள்

தொம்மலூரில் புவியீர்ப்பு விசை தன் ஒர்க்‌ஷாப் கேட்டோடு நின்றுவிடும் என்று மெக்கானிக் உத்தமன் மனதார நம்பினான்.

வந்திருந்தது பழைய ஃபாரின் கார். ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிந்து, நிற்க நிற்கத் தரையோடு உட்கார்ந்துவிடும்.

அடியில் புகுமுன் பார்ட்னர் சின்னப்பா நான்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, தொட்டுக் கும்பிட்டான்.

"என்ன மச்சா, கட்டைக்குப் பூஜையா? மெள்ளத்தான் எறங்கும் குரு. அதுக்குள்ள ஒரு பீடியே பிடிச்சிடலாம்!" உத்தமன் கட்டைகளை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினான்.

சின்னப்பா அசட்டுச் சிரிப்போடு சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தான். "உத்தமா, லீக்கு கெடச்சிருச்சுடா!"

சின்னப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உத்தமன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தான். அதே கார், அதே லீக். சுற்றுமுற்றும் பார்த்தான். நான்கு கட்டைகளையும் பொறுக்கி வந்து முட்டுக்கொடுத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடியில் புகுந்தான்.