ஆகஸ்ட் முதல் இன்று வரை

"லேபிள் ஒட்டுனேன்னு எழுதுனா எவன் உன்னைய வேலைக்குக் கூப்பிடுவான்?"

ஹரிஷ்குமார் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் அந்த வரியை அழித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேல்விழிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவன் பட்டாசு ஆலை முதலாளி ராஜபாண்டியனின் மகன். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவனோ பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லிங்க்ட்இன் பக்கம் தொடங்கித் தருகிறேன் என்று சனிக்கிழமைதோறும் வந்தான். தலைமையாசிரியை ஏற்கெனவே இரண்டு தடவை சால்வை போர்த்திவிட்டார்.

வகுப்பில் நாற்பது பேர். பதினெட்டு வயது முடிந்த மூன்று பேரை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டான். தன்னை ஒரு வருஷம் பிந்திப் பள்ளியில் சேர்த்ததற்காக வேல்விழி முதல் தடவையாக அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

"கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனிக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்காகளாம்ணே. சம்பளமும் உண்டு, ஹாஸ்டலும் உண்டு. அது கிடைச்சாப் போதும், அம்மாவை வேலைக்குப் போகவிட மாட்டேன்."

அம்மா வேலுத்தாய் ராஜபாண்டியனின் ஆலையில்தான், வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். காலையில் அவள் வேன் ஏறினால், சாயங்காலம் அதே வேனிலிருந்து இறங்குகிறவரை வேல்விழிக்கு உயிர் உயிராக இருக்காது.

"கிடைக்கும். நான் சொல்றதை எழுது. மருந்து அறைப் பொறுப்பாளர்."

"அண்ணே, நான் அந்த ரூம் வாசல்ல கூட நின்னதில்ல. மே மாச லீவுல இருபது நாளு லேபிள்தான் ஒட்டுனேன்."

"மே மாசத்தைப் போடவே கூடாது. அப்ப உனக்குப் பதினெட்டு ஆகலை, சட்டப்படி தப்பு. பகுதிநேரம்னு சொல்லி, ஆகஸ்ட் முதல் இன்று வரைன்னு போடுவோம்."

சட்டத்தை இவ்வளவு மதிக்கிற முதலாளி மகனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"பொய்யில்லையாண்ணே?"

"என் பக்கத்துல டீம் லீடர்னு போட்டிருக்கேன். அந்த டீம்ல நான் ஒருத்தன்தான். எல்லாரும் இப்படித்தான் எழுதுறாக."

வேல்விழி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கம்பெனிக்காரர்கள் ஆதாரம் கேட்பார்கள் என்று, அடுத்த சனிக்கிழமை ஆலையின் முத்திரை குத்திய நியமனக் கடிதமும் கொண்டுவந்தான். இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். வெள்ளைக் கோட்டு மாட்டச் சொல்லி, ஆலை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தான்.

அன்று சாயங்காலம் போனை அம்மாவிடம் காட்டினாள்.

"கோட்டு யாருதுத்தா?"

"சும்மா படத்துக்கும்மா. வேலை கிடைக்கணும்ல."

வேலுத்தாய் மருந்து ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சின்ன மொதலாளி நல்லா இருக்கட்டும்" என்றாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த மருந்து அறை வெடித்தது. நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினொரு பேரை உட்கார வைத்திருந்தார்கள். சீசன் ஆர்டர். ஐந்து பேர் அங்கேயே போய்விட்டார்கள். வேலுத்தாய் வலது கை முழுக்கக் கட்டோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

நான்காம் நாள் காலையில், வார்டு வாசலில் நின்ற வேல்விழியிடம் இன்ஸ்பெக்டர் ஜெயச்சந்திரன் வந்தார்.

"வேல்விழிங்கிறது நீதானா?"

"ஆமா சார். அம்மா இப்பத்தான் கண்ணசந்துச்சு. விசாரிக்கணும்னா கொஞ்சம் பொறுத்து..."

"உன்னைத்தான் விசாரிக்கணும்." அவர் போனை நீட்டினார். வெள்ளைக் கோட்டுப் படம். "இது நீ போட்டதா?"

"ஆமா சார். கோயம்புத்தூர் வேலைக்காக... ஹரிஷ் அண்ணன்தான் அப்படி எழுதச் சொன்னாக."

"நியமனக் கடிதத்துல இருக்கிறதும் உன் கையெழுத்துதானே? பதினொரு பேரை உட்கார வச்சது பொறுப்பாளர்தான்னு முதலாளி எழுதிக் கொடுத்திருக்காரு. கிளம்பு."

வேல்விழிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"அம்மாவைக் கேளுங்க சார். தெனமும் அந்த ரூம்ல இருந்தது அதுதான். நான் அங்கன காலெடுத்து வச்சதே இல்லைன்னு அது சொல்லும்."

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். மருந்து அறைப் பொறுப்பாளர் வேல்விழி மீது நடவடிக்கை எடுக்கக் கோரும் புகார். கீழே, புகார் கொடுத்தவர் வேலுத்தாய் என்று எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை உருட்டியிருந்தது.

பேச்சுச் சத்தத்தில் விழித்த வேலுத்தாயின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"யாருத்தா வந்திருக்கது, கம்பெனி ஆளுகளா? நேத்து நீ டீ வாங்கப் போயிருந்தப்பச் சின்ன மொதலாளி வந்தாக. உன் கோயம்புத்தூர் வேலையை உறுதியாக்கணும்னாக, கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன்."