உதைக்கிற கணக்கு

லிஃப்ட் கதவு மூடியதும் மாடிவீட்டு அக்கா குனிந்து கிசுகிசுத்தாள்.

"இனிமே கைப்பையால வயித்தை மறைக்காதேம்மா. உன் மாமியாரே சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டாகிட்டியாமே."

கேட்டவளுக்குக் காது சுட்டது.

கல்யாணமாகி நாலு மாசம். கர்ப்பம் மூணு மாசம். வயிறு மட்டும் ஆறு மாசம்.

காரணம் வீட்டுக்குள் மட்டுமே தெரியும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. 'கரு தங்குறதே கஷ்டம்' என்று டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் தங்கிவிட்டது. தங்கிய குழந்தையோடு போட்டி போட்டுக்கொண்டு கட்டியும் வளர்ந்தது. வலி வந்தால் முதுகை நீவிவிடுவது மாமியார்தான்.

அந்த மாமியாரா இப்படி?

வீட்டில் மாமியார் தையல் மெஷினில் உட்கார்ந்து, மருமகளின் சட்டையை இடுப்பில் பிரித்துப் பெரிசாக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு வயித்துல உண்டாகிடுச்சுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்." மெஷின் நிற்கவில்லை.

"பொய்யின்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாம என்ன? ஸ்கேன் ரூமுக்குள்ள உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

அதற்குள் கணவன் உள்ளே வந்தான். முகமெல்லாம் பல்.

"என்னம்மா சொல்லி வச்சே? வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் முதுகுல தட்டிக் கை குலுக்குறாங்க."

"பாத்தீங்களா அத்தை? இவருக்குக் கை குலுக்கல், எனக்குக் கிசுகிசு. இது என்ன நியாயம்?"

"நியாயமே இல்லதான்." மாமியார் நூலைப் பல்லால் கடித்தாள். "மாடிவீட்டுக்காரி விரல் விட்டு மாசம் எண்ணிட்டு, கணக்கு உதைக்குதேன்னா. என்கிட்ட ரெண்டு பதில்தான் இருந்துச்சு. ஒண்ணை வெளிய விடக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கிட்ட."

வாங்கியது உண்மைதான். அவளுடைய சித்திக்கும் இதே கட்டி. விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து சித்தி கையில் யாரும் குழந்தையைக் கொடுத்ததில்லை.

"அதுக்காக என் மானத்தையா வாங்குவீங்க? உடம்புக்கு வர்றது யாருக்கும் வரும். நான் என்ன திருடினேனா? நாளைக்கு நானே அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு. சத்தியத்திலேர்ந்து எனக்கும் விடுதலை."

ராத்திரி முழுக்க, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நோய் கேவலமில்லை. மறைப்பதுதான் கேவலம். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் தயார்.

காலையில் அதே லிஃப்ட். அதே மாடிவீட்டு அக்கா.

அவள் தொண்டையைச் செருமினாள். "அக்கா, நேத்து சொன்னீங்களே, அந்த விஷயம்…"

"அட, விடும்மா. சின்னஞ்சிறுசுங்க, யார் வீட்டுல நடக்கல? எனக்கே இப்பத்தான் நிம்மதி. வயித்துல ஏதோ கட்டி கிட்டியோன்னு பயந்து, மாசமா இருக்கிற என் பொண்ணு பக்கத்துல உன்னை அண்ட விடக் கூடாதுன்னு இருந்தேன். நல்லவேளை, வெறும் தப்புதான்."

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது.

வயிற்றை மறைத்திருந்த கைப்பையை இறக்கிவிட்டு, அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுக் காட்டினாள்.