அஞ்சு மணிக்குப் பளிச்

"சீட்டு மட்டுமில்ல மார்லிஸ், ஸ்டீயரிங்கும் சூடாகுது. தொட்டுப் பாரேன்."

பனி கொட்டும் வடக்கு மிச்சிகனின் அந்த ஷோரூமில், பனியிலும் சறுக்காமல் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை ஆர்விட் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தான்.

மார்லிஸ் உள்ளே ஏறி, குழந்தை மாதிரி குதித்து உட்கார்ந்தாள். "பதினாலு வருஷமா கேட்டேன். சின்னக் காரே போதும், தெரு சுத்தமாத்தானே இருக்குன்னு வாயை அடைச்சே. இன்னைக்கு என்ன, மகராசனுக்கு மனசு இளகிடுச்சு?"

ஆர்விட் பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க மேடம்?" என்றார் விற்பனையாளர்.

"காலையில அஞ்சுக்கு, ஆஸ்பத்திரிக்கு. எவ்வளவு பனி கொட்டினாலும் எங்க சந்து அதுக்குள்ள பளிச்சுனு இருக்கும்."

"சந்தா? பனி தள்ளுறவங்க ஹைவே முடிச்சிட்டுத்தானே சந்துக்கு வருவாங்க. எங்க சந்துக்கு வர மத்தியானம் ஆயிடுமே."

மார்லிஸ் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து, புது டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க," என்றான் நிமிராமலே. "திங்கக்கிழமையிலேருந்து பனி தள்ளுற வண்டியில எனக்குப் பதிலா வேற ஆளு. அவன் சட்டப்படி ஹைவேயிலதான் ஆரம்பிப்பான்."